துடைக்கத் துடைக்கத் தூசி: ஓர் இசைத்தட்டு நடத்திய நிலைமின்னியல் பாடம்

எங்கள் பள்ளியின் அறிவியல் அறைப் பரணில் ஒரு பழைய ரெக்கார்டு பிளேயரும், ஓர் அட்டைப்பெட்டி நிறைய இசைத்தட்டுகளும் பல ஆண்டுகளாகக் கிடந்தன. சென்ற பிப்ரவரியில் அறையை ஒழுங்குபடுத்தியபோது அவை கீழே வந்தன. ‘இது என்ன சார், இவ்வளவு பெரிய சிடி?’ என்று கேட்ட மாணவர்களுக்காக, அறிவியல் மன்றம் கூடிய ஒரு மாலையில் பிளேயரைத் துடைத்து ஓட்டிப் பார்த்தோம். வட்டு சுழன்றது, பாட்டும் வந்தது. ஆனால் பாட்டைவிடப் ‘பட்... பட்... கரகர’ ஓசைதான் அதிகம் வந்தது.

தூசிதான் காரணம் என்றேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் உடனே எழுந்து தம் துப்பட்டாவால் தட்டை நன்றாக அழுத்தித் துடைத்தார். மறுபடி ஓட்டினோம். கரகரப்பு குறையவில்லை, கூடியிருந்தது. இன்னும் அழுத்தித் துடைத்தார். கறுப்புத் தட்டின்மேல் மெல்லிய நார்களும் தூசியும் முன்பைவிட அதிகமாகப் படிந்திருந்ததை எல்லாரும் கண்ணால் பார்த்தோம். அப்போதுதான் அவர் கேட்டார்: ‘சார், தொடைக்கத் தொடைக்க தூசி ஏன் சார் கூடுது?’

ஆசிரியராகப் பத்துப் பதினைந்து முறை நிலைமின்னியல் பாடம் நடத்தியிருக்கிறேன். சீப்பும் காகிதத் துணுக்கும், ஊதற்பையும் தலைமுடியும் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் அந்தக் கேள்விக்கு அன்று என்னால் ஒழுங்காக விடை சொல்ல முடியவில்லை. அடுத்த மூன்று வாரங்கள் நாங்கள் சேர்ந்து தேடியதும் செய்ததும்தான் இந்தக் கட்டுரை. இசைத்தட்டு இல்லாத பள்ளியிலும் இதைச் செய்யலாம். எப்படி என்பதையும் சொல்கிறேன்.

தட்டு எதனால் ஆனது?

தாமஸ் ஆல்வா எடிசன் 1877-இல் ஒலியைப் பதிவு செய்தது உருளையில். 1887-இல் எமில் பெர்லினர் அதைத் தட்டையான வட்டுக்கு மாற்றினார். அந்தக் காலத்து வட்டுகள் நிமிடத்திற்கு 78 சுற்றுகள் சுழன்றன. அவற்றின் முக்கியப் பொருள் அரக்கு. அரக்குப் பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசினிலிருந்து கிடைப்பது அது. இந்தியா அரக்கு விளையும் நாடு. கல்கத்தாவில் 1908-லேயே இசைத்தட்டு அச்சிடும் ஆலை தொடங்கியது.

1948 ஜூனில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்திற்கு 33⅓ சுற்றுகள் சுழலும் நீண்ட நேர இசைத்தட்டை வெளியிட்டது. நாம் ‘எல்.பி.’ என்று சொல்வது இதைத்தான். இது அரக்கால் ஆனதன்று. வினைல் என்னும் நெகிழியால் ஆனது. வீட்டுக் குடிநீர்க் குழாய்க்குப் பயன்படும் பி.வி.சி.யின் நெருங்கிய உறவு. கறுப்பு நிறம் அதில் சேர்க்கும் கரித்தூளால் வருவது. இந்தச் செய்தியைக் கேட்டதும் மாணவர்கள் குழாய்த் துண்டைத் தேடி ஓடினார்கள். இசைத்தட்டு இல்லாத பள்ளிகளுக்கான வழியும் அதுவே. ஒரு முழம் பி.வி.சி. குழாயோ, பி.வி.சி. கதவுப் பலகையின் ஒரு துண்டோ இருந்தால் போதும்.

எல்.பி. தட்டின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு சுருள் வரிப்பள்ளம். அதன் அகலம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். கணக்கு ஆசிரியர் இங்கே நமக்குக் கைகொடுப்பார். வெளிச்சுற்றின் விட்டம் ஏறத்தாழ 29 செ.மீ., உட்சுற்றின் விட்டம் 12 செ.மீ. என்று கொண்டால் சராசரி விட்டம் 20.5 செ.மீ., சுற்றளவு ஏறத்தாழ 64 செ.மீ. ஒரு பக்கம் 22 நிமிடம் ஓடினால் சுற்றுகள் 733. பெருக்கிப் பார்த்தால் பள்ளத்தின் நீளம் ஏறத்தாழ 470 மீட்டர். முடியளவு அகலமும் அரைக் கிலோமீட்டர் நீளமும் கொண்ட ஒரு பாதையில் ஊசி நடந்துபோகிறது. வழியில் ஒரு தூசித் துகள் கிடந்தால் அது ஊசிக்குப் பாறாங்கல். அந்த மோதல்தான் ‘பட்’ என்று கேட்கிறது.

துடைத்தபோது நடந்தது என்ன?

இரு வேறு பொருள்கள் நெருங்கித் தொட்டுப் பிரியும்போது ஒன்றின் பரப்பிலிருந்து மற்றொன்றிற்கு எலக்ட்ரான்கள் இடம் மாறுகின்றன. தேய்ப்பது, தொடும் இடங்களைப் பெருக்குகிறது, அவ்வளவே. எந்தப் பொருள் எலக்ட்ரானை இழக்கும், எது பெறும் என்பதை ஒரு வரிசையாக எழுதலாம். கண்ணாடி, தலைமுடி, நைலான், கம்பளி, பட்டு ஆகியவை இழக்கும் பக்கம். பருத்தி நடுவில். பாலியெஸ்டர், பாலித்தீன், பி.வி.சி., டெஃப்லான் ஆகியவை பெறும் பக்கம். பரப்பின் அழுக்கையும் ஈரத்தையும் பொறுத்து இந்த வரிசை சற்று முன்பின் ஆகும். எனினும் பி.வி.சி. பெறும் பக்கத்தின் கடைசிக்கு அருகில் நிற்பது உறுதி. எனவே முடியோ, கம்பளியோ, நைலானோ பட்டால் இசைத்தட்டு நல்ல எதிர் மின்னூட்டம் பெறுகிறது.

தேய்த்தால்தான் என்றில்லை. உறையிலிருந்து தட்டை விருட்டென்று உருவினாலும் தொட்டுப் பிரிதல் நடக்கிறது. சுழல்மேடையின்மேல் விரித்திருக்கும் கம்பளித் துணியிலிருந்து தட்டைத் தூக்கினாலும் அப்படியே. சில நேரம் துணியும் தட்டோடு ஒட்டிக்கொண்டு எழுந்து வருவது இதனால்தான்.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியமானது. தட்டில் எதிர் மின்னூட்டம் இருக்கிறது, சரி. தூசிக்கு எந்த மின்னூட்டமும் இல்லையே, அது ஏன் ஈர்க்கப்படுகிறது? என் வகுப்பில் பாதிப் பேர் ‘தூசிக்கு நேர் மின்னூட்டம் இருக்கும் சார்’ என்றார்கள். ‘எதிரெதிர் ஈர்க்கும்’ என்று நாம் அழுத்திச் சொல்லிக் கொடுத்ததன் பக்கவிளைவு இது. மின்னூட்டமற்ற துகளும் தட்டின் அருகே வந்தால், அதனுள் மின்னூட்டங்கள் சற்றே விலகி அமைகின்றன. தட்டை நோக்கிய பக்கம் நேர், அப்பாலுள்ள பக்கம் எதிர். நேர்ப்பக்கம் தட்டுக்கு அருகில் இருப்பதால் அதன்மீதான ஈர்ப்பு கூடுதல். எதிர்ப்பக்கம் தொலைவில் இருப்பதால் விலக்கம் குறைவு. இரண்டிற்கும் உள்ள வேறுபாடுதான் துகளை இழுக்கிறது. சீப்பில் ஒட்டும் காகிதத் துணுக்குக்கும் இதே விளக்கம்தான்.

ஆக, அந்த மாணவியின் கேள்விக்கு விடை இதுதான்: உலர்ந்த துணியால் துடைக்கும்போது ஒரு பக்கம் தூசி போகிறது, இன்னொரு பக்கம் மின்னூட்டம் ஏறுகிறது. அந்த மின்னூட்டம் காற்றிலும் துணியிலும் உள்ள தூசியை மறுபடி இழுத்துவருகிறது.

தூசியின் மோதலைத் தவிர இன்னொரு ‘பட்’ ஓசையும் உண்டு. மின்னூட்டம் மிகுந்த தட்டிலிருந்து, ஊசியைத் தாங்கும் பகுதிக்குச் சிறு மின்னிறக்கம் நிகழ்ந்தால் அதையும் ஒலிபெருக்கி ஓசையாக்கிவிடும். தட்டைத் தூசியில்லாமல் கழுவிய பிறகும் வெடிப்போசை வந்தால் அதைச் சந்தேகிக்கலாம்.

தூசியே கண்டுபிடிப்பான கதை

தட்டில் படிந்த தூசியைக் கண்டு எரிச்சல்பட்டவர்கள் பலர். ஒருவர் அதை உற்றுப் பார்த்தார். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த லிச்டென்பர்க் 1777-இல் பெரிய பிசின் வட்டு ஒன்றை வைத்து மின் ஆய்வு செய்துவந்தார். அறையில் பறந்த பிசின் பொடி, மின்னூட்டம் பெற்ற அந்த வட்டின்மேல் படிந்தபோது வெறும் அழுக்காகப் படியவில்லை. விண்மீன் வடிவங்களாகவும் கிளைகளாகவும் படிந்தது. மின்னூட்டம் எங்கே இருக்கிறது என்பதைத் தூசி வரைந்து காட்டியது. அவ்வடிவங்கள் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

இதே கருத்தை அமெரிக்காவின் செஸ்டர் கார்ல்சன் 1938-இல் ஒரு படி எடுக்கும் முறைக்குப் பயன்படுத்தினார். மின்னூட்டம் உள்ள இடத்தில் மட்டும் கறுப்புப் பொடி ஒட்டும். அதைத் தாளுக்கு மாற்றிச் சூடாக்கினால் நகல் தயார். வினாத்தாளை நகலெடுக்க நாம் கடைக்குப் போகும்போதெல்லாம் நடப்பது இதுதான். இசைத்தட்டுக்குத் தொல்லையாக இருக்கும் அதே தூசி ஈர்ப்பு, நகல் இயந்திரத்திற்குத் தொழில்.

வகுப்பில் செய்து பார்க்க ஐந்து

கீறல் விழுந்து இனி ஓட்ட முடியாத தட்டை மட்டுமே எடுங்கள். நல்ல தட்டு வேண்டாம்.

1. எந்தத் துணி எவ்வளவு? பருத்தி, பட்டு, பாலியெஸ்டர், நைலான், கம்பளித் துணித் துண்டுகளை எடுத்துக்கொள்க. தட்டை அல்லது குழாயை ஒவ்வொன்றாலும் சரியாக இருபது முறை தேய்த்து, தாள் துளையிடும் கருவியில் விழும் வட்டத் துணுக்குகளின் மேல் இரண்டு செ.மீ. உயரத்தில் பிடித்து, எத்தனை ஒட்டின என்று எண்ணுக. ஒவ்வொரு துணிக்கும் மூன்று முறை செய்து சராசரி எடுக்க வேண்டும். அடுத்த துணிக்குப் போகும் முன் பழைய மின்னூட்டத்தைப் போக்கவேண்டும். எப்படி என்பதை அடுத்த சோதனை சொல்லும்.

2. ஒரு மூச்சு. தேய்த்த தட்டின் ஒரு பாதியில் மட்டும் வாயை அருகே வைத்து ‘ஹா’ என்று ஊதுக. பனி படர்ந்ததுபோல் மங்கி, சில நொடிகளில் மறையும். இப்போது காகிதத் துணுக்குகளுக்கு மேல் பிடித்தால் ஊதாத பாதி இழுக்கும். ஊதிய பாதி பெரும்பாலும் சும்மா இருக்கும். மூச்சின் ஈரம் பரப்பில் மெல்லிய நீர்ப்படலமாகப் படிந்து மின்னூட்டம் கசிய வழி செய்துவிட்டது. ஈரப்பதத்தைச் சொற்களால் விளக்குவதைவிட இந்த ஒரு மூச்சு நன்றாக விளக்குகிறது.

3. தொட்டால் போகுமா? மின்னூட்டம் பெற்ற உலோகத் தட்டை ஒரு விரலால் ஓரிடத்தில் தொட்டால் போதும், முழு மின்னூட்டமும் போய்விடும். இசைத்தட்டை ஓரிடத்தில் தொட்டால் அந்த இடத்தில் மட்டுமே போகும். மற்ற இடம் அப்படியே இருக்கும். கடத்திக்கும் காப்பானுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ‘புவித்தொடுப்புக் கொடுத்தால் எல்லா மின்னூட்டமும் போய்விடும்’ என்று பொதுவாகச் சொல்லும் நம் பழக்கத்தையும் இது திருத்தும்.

4. தொடாமலே போக்குவது. பல இழைகள் கொண்ட செம்புக் கம்பியின் நுனியைச் சீவி, இழைகளைத் தூரிகைபோல் விரித்துக்கொள்க. இழைகளைத் தொட்டபடி கையில் பிடித்து, மின்னூட்டம் பெற்ற தட்டின் மேல் மிக அருகில், ஆனால் படாமல், மெதுவாக நகர்த்துக. மறுபடி துணுக்குகளை வைத்துப் பார்த்தால் ஈர்ப்பு குறைந்திருக்கும். கூர்முனைகளின் அருகே மின்புலம் செறிந்து காற்று அயனியாகிறது. தட்டுக்குத் தேவையான எதிரின அயனிகள் அங்கிருந்து அதை நோக்கிப் போகின்றன. மேல்நிலை வகுப்பில் நாம் நடத்தும் கூர்முனைச் செயல்பாடு இதுவே. இடிதாங்கியின் முனை கூராக இருப்பதற்கும் இதே காரணம். மின்னூட்டம் முழுதும் போகாது. ஓரளவுக்குக் கீழே இறங்கியதும் காற்று அயனியாவது நின்றுவிடும். ‘ஏன் முழுதும் போகவில்லை?’ என்று மாணவர்களையே கேளுங்கள்.

5. எலக்ட்ரோபோரஸ். இது எங்கள் மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது. 1762-இல் வில்கே என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் வடிவமைத்து, 1775-இல் வோல்டா மேம்படுத்திப் பரப்பிய கருவி இது. அவர்கள் பிசின் வட்டைப் பயன்படுத்தினார்கள். நமக்கு இசைத்தட்டு இருக்கிறது. தட்டைவிடச் சிறிய, அடி சமமான எவர்சில்வர் மூடி ஒன்றை எடுத்து, அதன் நடுவில் கைப்பிடியாக ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டை ஒட்டுக. இசைத்தட்டை மேசையில் வைத்துக் கம்பளியால் நன்றாகத் தேய்க்க. கைப்பிடியைப் பிடித்து மூடியைத் தட்டின்மேல் வைக்க. மூடியை ஒரு விரலால் தொட்டு, விரலை எடுக்க. பிறகே மூடியைத் தூக்க. விரல் முட்டியை மூடியருகே கொண்டுபோனால் ‘சட்’டென்று ஒரு பொறி பறக்கும். இருட்டறையில் நீல நிறம் தெரியும். மறுபடி தேய்க்காமலே, வைத்து, தொட்டு, தூக்கிப் பல முறை பொறி எடுக்கலாம்.

வரிசை மாறக்கூடாது. விரலை எடுக்கும் முன் மூடியைத் தூக்கிவிட்டால் ஒன்றும் நடக்காது. காரணத்தை மாணவர்களே படம் வரைந்து கண்டுபிடிக்கட்டும். எதிர் மின்னூட்டம் கொண்ட தட்டு, மூடியிலுள்ள எலக்ட்ரான்களை மேற்பக்கம் தள்ளுகிறது. விரல் தொட்டதும் அவை உடல் வழியே வெளியேறுகின்றன. விரலை எடுத்தபின் மூடியில் நேர் மின்னூட்டம் மட்டும் மிஞ்சுகிறது. தட்டின் எலக்ட்ரான்கள் மூடிக்கு ஏறிவிடாதா? தட்டு காப்பான், மூடி அதைத் தொடுவதும் சில புள்ளிகளில்தான். எனவே தட்டு தன் மின்னூட்டத்தை அப்படியே வைத்துக்கொள்கிறது.

‘தேய்க்காமலே திரும்பத் திரும்பப் பொறி வருதே, அந்த ஆற்றல் எங்கேருந்து சார் வருது?’ என்று பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டார். விடை அவர் கையிலேயே இருந்தது. நேர் மின்னூட்டம் கொண்ட மூடியை எதிர் மின்னூட்டம் கொண்ட தட்டிலிருந்து பிரித்துத் தூக்குகிறோமே, அந்த ஈர்ப்பை எதிர்த்து நம் கை செய்யும் வேலைதான் பொறியாகிறது.

பொறியை அளக்கலாம்

மேல்நிலை வகுப்புக்கு இதை ஒரு கணக்காகவே தரலாம். உலர்ந்த காற்றில் ஒரு மில்லிமீட்டர் தொலைவுக்குப் பொறி தாவ ஏறத்தாழ 3000 வோல்ட் வேண்டும். எங்கள் பொறி ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் தாவியது. அப்படியானால் மூடியின் மின்னழுத்தம் ஒன்பதாயிரம், பத்தாயிரம் வோல்ட் அளவில் இருந்திருக்கும். இதைச் சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அது ஆளைக் கொல்கிறது. பத்தாயிரம் வோல்ட் ஏன் சுள்ளென்று மட்டும் குத்துகிறது?

10 செ.மீ. ஆரமுள்ள கோளத்தின் மின்தேக்குத்திறன் ஏறத்தாழ 11 பிகோஃபாரட். அதே ஆரமுள்ள மெல்லிய வட்டத் தட்டுக்கு ஏறத்தாழ 7. பத்தாயிரம் வோல்டில் அதில் தேங்கும் மின்னூட்டம் 0.07 மைக்ரோகூலும், ஆற்றல் 0.35 மில்லிஜூல். மின்னழுத்தம் பெரிது, மின்னூட்டம் மிகச் சிறிது, நொடிக்குள் தீர்ந்துவிடும். வீட்டு மின்சாரமோ நாம் கையை எடுக்கும்வரை ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். ‘மின்னழுத்தம் மட்டும் ஆபத்தை முடிவு செய்வதில்லை’ என்பதையும், ‘அதனால் மின்சாரத்தோடு விளையாடலாம் என்று பொருளில்லை’ என்பதையும் இந்த இடத்தில் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்திருக்கும்போது அதைப் பற்றவைக்கக் கால் மில்லிஜூல் அளவு ஆற்றலே போதும். நம் எவர்சில்வர் மூடியின் பொறி அதைவிடப் பெரியது. பெட்ரோல் நிலையத்தில் டேங்கர் லாரி எரிபொருளை இறக்கும் முன் புவித்தொடுப்புக் கம்பியை மாட்டுவது இதற்காகத்தான். பட்டாசு ஆலைகளில் செயற்கை இழை ஆடையைத் தவிர்த்துப் பருத்தி ஆடை அணியச் சொல்வதும் இதற்காகத்தான். எங்கள் மாவட்டத்து மாணவர்கள் பலரின் பெற்றோர் நூற்பாலைகளில் வேலை செய்கிறார்கள். ஆலைக்குள் ஏன் எப்போதும் ஈரக்காற்று வீசுகிறது என்று அவர்களைக் கேட்டுவரச் சொன்னேன். நூல் அறுந்துபோகாமல் இருக்க என்பது ஒரு விடை. பஞ்சு இழைகள் மின்னூட்டம் பெற்று எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க என்பது மற்றொன்று. இரண்டையுமே பெற்றோர் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஆகவே, இந்தச் சோதனைகளைச் செய்யும் மேசையில் ஸ்பிரிட் புட்டியோ எரியும் விளக்கோ இருக்கக்கூடாது. செவித்துணைக் கருவி அணிந்த மாணவரும், இதயத் துடிப்புச் சீராக்கி பொருத்தியவரும் பொறி எடுக்க வேண்டாம். கைப்பேசியையும் தள்ளி வைக்க வேண்டும்.

தட்டை வைத்திருப்பவர்களுக்கு

பள்ளியிலோ வீட்டிலோ இசைத்தட்டுகள் இருந்தால், மேலே கற்றதையே அவற்றைக் காக்கப் பயன்படுத்தலாம்.

உறையிலிருந்து மெதுவாக எடுங்கள். விளிம்பையும் நடுவிலுள்ள தாளையும் மட்டும் தொடுங்கள். உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். ஓட்டும் முன் கார்பன் இழைத் தூரிகையால் துடைப்பது நல்லது. அதன் இழைகள் முடியைவிட மெல்லியவை, மின்னைக் கடத்துபவை. பள்ளத்துத் தூசியைக் கிளறுவதோடு மின்னூட்டத்தையும் உலோகப் பிடி வழியே நம் கைக்குக் கடத்திவிடும். தட்டு சுழலும்போது இழைகள் பட்டும் படாமலும் சில சுற்றுகள் பிடித்து, வெளிப்பக்கமாக மெல்ல இழுத்து எடுக்க வேண்டும். அழுத்தினால் பயனில்லை.

அழுக்கு மிகுந்த வினைல் தட்டைக் கழுவலாம். குழாய்நீர் வேண்டாம்; அதிலுள்ள உப்பு பள்ளத்தில் தங்கிவிடும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்புநீர் கலந்து, மெல்லிய பஞ்சால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, மறுபடி காய்ச்சி வடித்த நீரால் அலசி, நிழலில் நிறுத்தி உலர்த்த வேண்டும். நடுத்தாள் நனையக்கூடாது. ஈரத்தால் தூசியும் போகும், மின்னூட்டமும் போகும். 78 சுற்று அரக்குத் தட்டுகளில் ஸ்பிரிட் ஒரு சொட்டும் படக்கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும், தட்டு போய்விடும்.

சுழல்மேடையில் கம்பளித் துணி இருந்தால் ரப்பர் அல்லது தக்கை விரிப்புக்கு மாற்றலாம். பிளேயரின் பின்னால் தொங்கும் புவிக்கம்பியை ஒலிபெருக்கியின் அதற்குரிய முனையில் இணைக்க மறக்கக்கூடாது. குளிர்சாதன அறையின் காற்று வறண்டிருக்கும்; அங்கே தொல்லை கூடும். குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போதும் காற்று வறண்டுவிடுவதால், இசைத்தட்டு வைத்திருப்போர் அங்கே இந்த மின்னூட்டத்தோடு பெரும்பாடு படுகிறார்கள். அவர்களுக்காகவே அயனிகளைத் தெளிக்கும் கைத்துப்பாக்கி ஒன்று கடைகளில் கிடைக்கிறது. விசையை அழுத்தினால் உள்ளிருக்கும் படிகம் நெருக்கப்பட்டு உயர் மின்னழுத்தம் உண்டாகிக் கூர்முனையிலிருந்து அயனிகள் புறப்படும். நம் அடுப்படி கேஸ் லைட்டரில் பொறி வருவதும் இதேபோன்ற படிகத்தால்தான்.

எந்த வகுப்புக்கு எவ்வளவு?

தொடக்க வகுப்புகளில் ஒரு மூச்சுச் சோதனையும் துணுக்கு எண்ணும் விளையாட்டும் போதும். பெயர்கள் வேண்டாம், பார்த்ததைச் சொல்லவும் வரையவும் பழகட்டும். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை துணிகளை ஒப்பிடும் அட்டவணையும், கடத்தி, காப்பான் வேறுபாடும் பொருந்தும். ஒன்பது, பத்தில் எலக்ட்ரோபோரஸின் படிகளைப் படமாக வரைந்து விளக்கச் சொல்லலாம். மேல்நிலையில் பொறிக் கணக்கும் கூர்முனைச் செயல்பாடும். நான்கு நிலைக்கும் அதே தட்டு, அதே துணி.

எப்போது நடத்துவது என்பதும் முக்கியம். எங்கள் பள்ளியில் நிலைமின்னியல் பாடம் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையில்தான் வந்து நிற்கும். ஐப்பசி அடைமழையில் சீப்பு எதையும் இழுக்காது. கடலோர மாவட்டத்து ஆசிரியர்களுக்கு இந்தச் சங்கடம் ஆண்டு முழுதும் உண்டு. தை, மாசியில் உச்சிப்பொழுதில் செய்தால் கிட்டத்தட்ட எல்லாமே வேலை செய்யும். மழைக்காலத்தில்தான் நடத்தியாக வேண்டும் என்றால் தட்டையும் துணியையும் முன்னதாக வெயிலிலோ மின்விளக்கின் கீழோ சற்று வைத்து உலர்த்திக்கொள்ளலாம். தட்டு வளைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மழை நாளில் சீப்புச் சோதனை நடக்காதபோதெல்லாம் நான் வகுப்பில் சொல்லிவந்தது: ‘ஒட்டும்னு எழுதிக்கோங்க, பரீட்சைக்கு அதுதான் விடை.’ நடக்காததை நடந்ததாக எழுதச் சொல்லிவிட்டு, கரும்பலகையில் ‘உற்றுநோக்கல்’ என்று தலைப்பும் போட்டிருக்கிறேன். சோதனை தோற்கவில்லை, காற்றில் ஈரம் இருப்பதை அது சரியாகச் சொல்லியிருக்கிறது. கேட்காதது நான்தான்.

இசைத்தட்டு வேலை முடிந்த வாரத்தில் அந்த எட்டாம் வகுப்பு மாணவி தம் அறிவியல் குறிப்பேட்டைத் திறந்து, நவம்பரில் எழுதிய பக்கத்தைக் காட்டினார். ‘காகிதத் துணுக்குகள் சீப்பில் ஒட்டின’ என்று அழகான கையெழுத்தில் இருந்தது. ‘அன்னைக்கு ஒட்டலையே சார், இதை அடிச்சிட்டு எழுதலாமா?’ என்றார்.

எழுதச் சொன்னேன். ‘ஒட்டவில்லை. அன்று மழை பெய்தது’ என்று எழுதி, நாளும் இட்டார். நான் பக்கத்தில் கையொப்பமிட்டேன். இந்த ஆண்டு முதல் எங்கள் வகுப்புச் சோதனை அட்டவணையில் ‘வானிலை’ என்றொரு பத்தியும் சேர்ந்திருக்கிறது.